அளவுக் கொப்பி

கலியாணக் கோட்டு, பாடசாலைக் கழிசான்,
ஸ்டேஷன் மாஸ்டரின் வெள்ளை உடுப்பு.
ஒருதரம் அளவு கொடுத்துவிட்டுப் போனவர்கள்தான்
இந்தக் கொப்பியில் அதிகம்.
அங்கமுத்துவுக்கு மட்டும் தனியாக
முப்பத்தேழு பக்கம்.
ஒன்றும் தைக்கக் கொடுக்காமல்
சம்பளத்துக்கு மறுநாள் வருவான்,
சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவான்.

முதல் வரி, ஐம்பத்தாறு, தை:
வலக்கை பதினொன்றேகால்.
நெஞ்சு முப்பத்துநாலு, மூச்சை விட்டபின்.
இழுத்துப் பிடித்த நெஞ்சை எழுத விடமாட்டான்.
"காத்து என்னுது இல்ல, நானா."

தோட்டத்துப் பெக்டரியில் ரோலர் அறை, இரா வேலை.
வரும்போதே கடைக்குள் பச்சைக் கொழுந்து மணக்கும்.
மடியில் ஊறிய கடலை, கடைவாயில் ஒரு மாசித்துண்டு.

ஒரு ஞாயிறு பார்க்கப் போனேன்.
லயத்துக்குப் பின்னால், பனிமூட்டத்துக்குள்,
பள்ளத்தில் கவிழ்ந்த லொறியொன்றின் அச்சு.
இரு முனையிலும் பழைய எந்திரத்தின் பற்சக்கரம்.
இடது, வலதைவிட இரண்டு றாத்தல் கூட.
பாதியில் நிறுத்தித் திருப்பிப் போட்டான்.
"ஒரு தோளுக்கு மட்டும் கஷ்டம் குடுத்தா
மத்தது முதலாளி ஆயிடும்."

தூக்கியது ஒரு நொடி.
இறக்கிய நேரத்தில் நான்
நாலு ஊசிக்கு நூல் கோத்திருப்பேன்.
"ரோசத்துல தூக்கிறலாம் நானா.
இறக்க ரோசம் உதவாது."

டவுன் பையன்கள் கை நடுங்கும்வரை மல்லுக்கட்டி
மறுவாரம் காணாமல் போவார்கள்.
இவன் இன்னும் ஒன்று முடியும் என்கிறபோதே
அச்சைத் தரையில் வைப்பான், சத்தமில்லாமல்,
தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல.
"அந்த ஒண்ணு நாளைக்கு என்னையக் கூப்புடும்."

அறுபத்திரண்டில் கொழும்புப் போட்டி.
கறுப்புச் சாட்டினில் கால் கெஜம்கூடப் பிடிக்காத உடுப்பு.
என் தொழிலில் அதுபோலக் கஷ்டமான தையல் இல்லை.
கூன், தொந்தி, சரிந்த தோள்
மறைத்தே பழகிய கை எனக்கு.
இவனிடம் மறைக்க என்ன இருந்தது?

ஹப்புத்தளைக் குளிரில்
தேங்காயெண்ணெய் போத்தலில் கட்டியாகக் கிடந்தது.
இரா மெயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனோம்.
கோட்டையில் இறங்கும்போது உருகியிருந்தது.

வென்றான்.
கேடயத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு
மூன்றாம் வகுப்பில் திரும்பி
அன்றிரவே ரோலர் அறைக்குப் போனான்.

பம்பாயிலிருந்து அழைப்பு வந்தது.
பாஸ்போட்டுக்கு விண்ணப்பம் நிரப்பியது என் பேனை.
பெயர். உயரம். அடையாளத் தழும்பு.
பிரஜை என்ற கட்டத்தில் பேனை நின்றது.
இவன் பிறந்த லயத்தில்தான் தகப்பனும் பிறந்தான்,
அதற்கு ஒரு கடதாசி இல்லை.
இந்த நாட்டு ஆணழகன்
இந்த நாட்டவன் இல்லை என்று
கந்தோரிலிருந்து தபால் வந்தது.

அந்த மாசமும் வந்தான்.
சட்டையை ஆணியில் மாட்டினான்.
நாடாவைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தேன்.
பதினாறேமுக்கால் என்று எழுதினேன்.
நாடாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"நீங்களுமா பொய்க் கடதாசி எழுதுறீங்க?"

பதினாறரை.
முப்பத்தேழு பக்கத்தில்
அடித்துத் திருத்திய வரி அது ஒன்றுதான்.

பிறகு கேடயங்கள் வந்தன, நின்றன.
அவன் வருவது நிற்கவில்லை.
எழுபத்தொன்பது: பதினைந்தரை.
எண்பத்தாறு: பதினாலு.
கடைக்கு ஷட்டர் போட்டு இருந்த நாட்களில்கூடப்
பின்கதவால் வந்து கையை நீட்டினான்.

தொண்ணூற்று மூன்று, கார்த்திகை, விடாத மழை.
பதினொன்றரை.
எழுதக் கொஞ்சம் தயங்கினேன்.
கொப்பியை வாங்கி, பக்கங்களைப் புரட்டி,
விரலை மேலிருந்து கீழே
வரிசை நெடுகக் கொண்டுவந்தான்.

"அவசரப்படல" என்றான்.

சட்டையை எடுத்தால் மூன்றாவது பித்தான் இல்லை.
ஊசியில் நூல் கோக்க
எனக்கு வெகுநேரம் பிடித்தது.
அவன் நின்றுகொண்டே காத்திருந்தான்,
முதுகை எதிலும் சாய்க்காமல்.
பித்தானுக்கு மட்டும் காசு வாங்கினேன்.