அரை ஓம்

திபிலிசி, கிள்தானி, ஒன்பதாம் மாடி.
லிஃப்ட் நின்று பதினேழு நாள்.
மண்ணெண்ணெய் அடுப்பின் நீலத்தில்
பாதித் தாள்தான் தெரிகிறது:
ஒரு சாய்சதுரம்.
இடப்பக்கம் மேலே மூன்று, கீழே ஆறு.
வலப்பக்கம் மேலே ஆறு, கீழே மூன்று.
நடுவில் குறுக்கே பன்னிரண்டு ஓம்.
அதன் வழியே எவ்வளவு ஓடும்?
விடிந்தால் தேர்வு.

தாளில் பன்னிரண்டு வோல்ட் இருக்கிறது.
ஊரில் இல்லை.

முதலில் குறுக்குத் தடையைக் கழற்ற வேண்டும்.
யாரும் எதுவும் கேட்காதபோது
அந்த இரு முனைகளும் எப்படி நிற்கின்றன என்று பார்க்க.
இடது, எட்டில். வலது, நான்கில்.
இடைவெளி நான்கு வோல்ட்.
இதுவரை குளிர்கூடத் தடுக்கவில்லை.

பிறகு மின்கலத்தை அணைக்க வேண்டும்.
நான் அதைப் பிடுங்கி எறிந்தேன்,
அதன் இடம் பல் விழுந்த ஈறுபோலக் கிடந்தது.
ஒன்பதும் ஒன்பதும் இணையாக: நாலரை.
புத்தகத்தின் கடைசிப் பக்கம்
கால் ஆம்பியர் என்கிறது.
எனக்கு வருவது அதற்குச் சற்றுக் கீழே.
எங்கோ அரை ஓம் கூடுதல்.
அந்த அரை ஓமுக்காக
ஒரு மணி நேரம் விரல் விறைத்தேன்.

படிக்கட்டில் மல்காஸ்.
தோளில் கம்பிச்சுருள், பல்லிடுக்கில் டார்ச்.
ஆஸ்பத்திரி லைனில் கொக்கி போட்டுவிட்டானாம்.
"சியூரி, பல்பைப் போடு!"

வெள்ளை.
சுவரின் ஈரக்கறை தெரிந்தது,
துணியில் சுற்றிய நேற்றைய ரொட்டி,
என் நகத்தின் அழுக்கு.
எட்டாம் மாடி நானுலி ஹீட்டரைச் செருகினாள்:
மஞ்சள்.
ஆறில் ஒருவர், நான்கில் இருவர்,
நானும்தான், தேநீருக்கு ஹாட்பிளேட்.
கடைசியில் பல்புக்குள்
ஒரு சிவப்புப் புழு மட்டும் நெளிந்தது.

மாடிக்கு மாடி வசவு. யார் வீட்டுக் கெட்டில் அது?
நான் புழுவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
சுவரில் இரண்டு துளைகள்.
அவற்றின் பின்னால் மலையாறு, சுழலி,
துருப்பிடித்த கோபுரங்கள், டிரான்ஸ்ஃபார்மர்,
மல்காஸ் குளிரில் முறுக்கிய முடிச்சு.
எல்லாம் சேர்ந்து எனக்கு
ஓர் அழுத்தம், ஒரு தடை.
துளைக்கு இந்தப் பக்கம் நிற்பவளுக்கு
அதற்குமேல் தெரிய வழியில்லை.
ஆஸ்பத்திரியில் இப்போது எந்த விளக்கு மங்குகிறது
என்பதும் தெரியாது.

இந்த வெளிச்சம் இன்னும் தேய்ந்து
சுழியமே ஆனாலும்
மல்காஸின் கம்பி அங்கேதான் தொங்கும்.
அழுத்தம் போகும். பாதை போகாது.

பென்சிலை எடுத்தேன்.
மின்கலம் இருந்த இடத்தில்
ஒரு கோடு இழுத்தேன், நேராக, வெறுங்கம்பியாக.
மூன்றும் ஆறும் இணைந்து இரண்டு.
அந்தப் பக்கமும் இரண்டு.
நான்கு!
நான்கு வோல்ட், பதினாறு ஓம்.
கால் ஆம்பியர்.

ஹாட்பிளேட்டைப் பிடுங்கினேன்.
கீழே யாரோ "ஏறிடுச்சு, ஏறிடுச்சு!" என்று கத்தினார்கள்.
உடனே யாரோ
இன்னொரு கெட்டிலைச் செருகினார்கள்.