மற்றவை

ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவின் விவரங்களை
இன்றைக்குள் இணையத்தில் ஏற்றச் சொல்லி
தேன்கனிக்கோட்டையிலிருந்து மூன்று முறை போன்.
சிக்னல், தண்ணீர்த் தொட்டியின் மேற்குப் பக்கம் மட்டும்தான்.
அங்கேயே நாற்காலி போட்டேன்.
வரிசையில் வந்தார்கள்.

தாய்மொழி என்ற கட்டத்தில்
ஒன்றைத்தான் அமுக்க முடியும்.
ருத்ரேஷுக்கு வீட்டில் கன்னடம், ரேஷன் கடையில் தமிழ்,
மாட்டைத் திட்டும்போது மட்டும் தெலுங்கு.
‘மாடு எங்க மாமன் குடுத்தது மிஸ்.’
அர்ஷியா உருது என்று சொல்லிவிட்டுப் போய்
திரும்பி வந்தாள்:
‘எழுதத் தெரியாது, பரவால்லயா?’
மினதி, ரோஜாப் பண்ணைக் கொட்டகையிலிருந்து வருகிறவள்.
ஒடிசாவிலிருந்து வந்த ஆறு மாதத்தில்
அவள் முதலில் கற்ற தமிழ்ச் சொற்கள்
நான் சொல்லிக்கொடுத்தவை அல்ல.

கடைசி பெஞ்சில் காம்பஸ் முனையால் செதுக்கிய
நான்கு மொழி வசவுகள்,
எல்லாம் தமிழ் எழுத்தில், ஒற்றுப்பிழைகளோடு.
அதைப் படித்துத்தான் நானும் இந்த ஊரைக் கற்றேன்.
பேராவூரணியிலிருந்து மாற்றலாகி வந்த முதல் வாரம்
சோற்றுக்குச் ‘சாரு’ கேட்டவனை
ஹெட்மாஸ்டர் அறைக்கு அனுப்பியவள் நான்.

சிக்கம்மாவின் முறை.
பட்டியலை மேலும் கீழும் தள்ளினேன்.
அவள் பேசுவது அதில் இல்லை.
ஆகக் கீழே ‘மற்றவை’. அமுக்கினேன்.
எட்டிப் பார்த்தாள்.
‘மற்றவைன்னு ஒரு பாஷை இருக்கா மிஸ்?
கஷ்டமா அது?’
வரிசை சிரித்தது. நானும்தான்.

அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.
மூக்கை உயர்த்தினாள்.
கழிப்பறைச் சுவருக்குப் பின்னால்
மூங்கில் முறிகிற ஓசைகூட இன்னும் எழவில்லை.
ஒரு சொல் சொன்னாள்.
உரக்கக்கூட இல்லை.

பிரேயருக்கு ஒருநாளும் நேராக நிற்காத வரிசை
ஓடாமல், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி
கட்டடத்துக்குள் போனது.
மினதியும் போனாள்.
எவரும் அர்த்தம் கேட்கவில்லை.
நான்தான் நாற்காலியை மடக்கிக்கொண்டு நின்றேன்.
யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள்.

ஒற்றைக் கொம்பன்.
சத்துணவுக்கூடத்துப் பின்னால் காய்ந்த ராகிக் கதிரை
காலில் தட்டி, மண்ணை உதிர்த்து,
அவசரமில்லாமல் தின்றது.
கொடிக்கம்பத்தில் முதுகைத் தேய்த்தது.
கம்பம் கொஞ்சம் சாய்ந்தது.
போய்விட்டது.

மாலையில் கட்டங்கள் எல்லாம் காலியாய்த் திரும்பின.
நேரம் முடிந்தது, மீண்டும் உள்நுழைக.

சிக்கம்மாவைக் கூப்பிட்டு
அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லச் சொன்னேன்.
வருகைப்பதிவேட்டின் ஓரத்தில்
பென்சிலால் எழுதிப் பார்த்தேன்.
நடுவில் ஓர் ஒலி,
இகரமும் இல்லை, உகரமும் இல்லை.
பதினேழு வருடமாய் எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன்,
அதற்கு ஒன்று என்னிடம் இல்லை.
அழித்தேன். எழுதினேன்.
‘அது இல்ல மிஸ்’ என்றாள்,
நான்காவது முறையும்.