திங்கட்கிழமை விடுமுறை

டான்யூப் ஆற்றுக்கு இந்தப் பக்கம்
மஞ்சள் டிராம் முனகிக்கொண்டு வளையும் இடத்தில்
நாற்பது படிகள் ஏறினால் எங்கள் அருங்காட்சியகம்.
ஏறி முடித்து மூச்சு வாங்குகிறவர்கள்
முதலில் பார்ப்பது என்னை.

மேல்கோட்டைக் கழற்றித் தருகிறார்கள்.
நான் பித்தளை வில்லை தருகிறேன்.
பதினெட்டு வருடமாக
எனக்கும் கலைக்கும் இதுதான் கொடுக்கல் வாங்கல்.

நனைந்த கம்பளிக்கு ஒரே நாடுதான்.
ஜெர்மன்காரருடையதும் கொரியப் பெண்ணுடையதும்
அடுத்தடுத்த ஆணியில் தொங்கும்போது
வீசுவது ஆட்டு வாடை.
பைகளை நான் துழாவுவதில்லை.
ஆனாலும் தெரிந்துவிடும்:
சாவிக்கொத்து, பாதி உரித்த ஆரஞ்சு,
நாற்பது நிமிடம் விடாமல் அடித்து
பிறகு மனம் ஒடிந்து நின்றுபோன ஒரு போன்.

"ஒரு மணி நேரம்தான் இருக்கிறது,
எதைப் பார்க்கலாம்?" என்பார்கள்.
"இரண்டாம் மாடி, இடது பக்கம்,
மீன் அரியும் பெண்" என்பேன்.
அவளை நான் பார்த்து ஒன்பது வருடம் ஆகிறது.
இன்னும் அரிந்து முடித்திருக்க மாட்டாள்.

போர்க்களக் கூடத்திலிருந்து வருகிறவர்கள்
வில்லையைப் பேசாமல் நீட்டுவார்கள்.
மம்மி அறையிலிருந்து இறங்கும் குழந்தைகளுக்குப்
பசிக்கும்.
தேனிலவுக்காரர்கள் சண்டை போட்டிருப்பார்கள்,
பெரும்பாலும் வெள்ளிச் சாமான்கள் பகுதியில்.

வாசலுக்கு எதிரே ஒரு பீடம்.
மேலே இருந்த தளபதியை
ஆட்சி மாறிய வருடம் கிரேன் வைத்து இறக்கி
ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள்.
குதிரையின் ஒரு குளம்பு மட்டும்
கல்லைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது.
வழிகாட்டிகள் அதைச் சுற்றி நின்று
குடையை உயர்த்தி
நான்கு மொழிகளில் நான்கு கதை சொல்கிறார்கள்.
தொட்டால் அதிர்ஷ்டமாம்.
தேய்ந்து தேய்ந்து பொன்னாகிவிட்டது குளம்பு.
யார் இதைத் தொடங்கிவைத்தது என்று கேட்டால்
காவலாளி ஜோம்போர்
மீசைக்குள் சிரிப்பான்.

என் விடுமுறை திங்கட்கிழமை.
புடாபெஸ்டில் அநேகமாக எல்லா அருங்காட்சியகத்துக்கும்
அன்றைக்குத்தான் விடுமுறை.
ஆகவே, சொன்னால் நம்பமாட்டீர்கள்,
பள்ளிக்கூடத்தில் வரிசையாகக் கூட்டிப்போனதைக் கழித்தால்
இந்த ஐம்பத்து நான்கு வயதில்
வேறொன்றின் உள்ளே நான் போனதில்லை.

போன பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை
கொதிகலன் வெடித்தது.
கோட்டுக் கழற்ற யாருக்கும் மனம் வராத குளிர்.
"பொர்பாலா, வீட்டுக்குப் போ" என்றான் ஜோம்போர்.
நான் பாலம் தாண்டினேன்.

குன்றின்மேல் அரண்மனை. அங்கும் படிகள்.
கழற்றி நீட்டினேன்.
என்னைவிட இளையவள்; மார்பில் எனிக்கோ என்று பெயர்.
மாட்டுவதற்கென்றே கழுத்தில் தைத்த வளையத்தை விட்டுவிட்டு
தோளைப் பிடித்து ஆணியில் செருகினாள்.
வாய்வரை வந்ததை விழுங்கினேன்.
வில்லை பிளாஸ்டிக். அறுபத்தொன்று.

உள்ளே, கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.
பின்னால் கட்டினால் போலீஸ் மாதிரி இருந்தது.
முன்னால் கட்டினால் சவ அடக்கம் மாதிரி.
மூன்றாம் கூடத்தில் மரத்தில் செதுக்கிய புனிதர்கள்,
பொன்முலாம் உதிர்ந்து, ஆளுக்கொரு பொருளைப் பிடித்தபடி:
சக்கரம், கோபுரம், நங்கூரம்.
கடைசியில் நின்றவரை உயிரோடு உரித்தார்களாம்.
உரித்த தோலை மடித்து
முழங்கையில் போட்டுக்கொண்டு நிற்கிறார்,
எங்கே கொடுப்பது என்று தேடுகிறவர் போல.

என் கை தானாக நீண்டது.
யாரோ இருமினார்கள்.
கண்ணாடி போட்ட காவல்காரர்.
"தொடாதீர்கள் அம்மா."
தொடப் போகவில்லை,
வாங்கிக்கொள்ளத்தான் போனேன் என்று
அவரிடம் எப்படிச் சொல்ல.

அதற்குமேல் ஒரு கூடமும் பார்க்கவில்லை.

"எல்லாம் பார்த்தீர்களா?" என்றாள் எனிக்கோ.
நானும் எல்லோரிடமும் கேட்பதுதான்.
இல்லை என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.
"பார்த்தேன்" என்றேன்.

டிராமில்தான் கவனித்தேன்:
காலரில் பைப் புகையிலை.
அறுபதோ அறுபத்திரண்டோ,
பக்கத்தில் தொங்கியவருடையது.
வீட்டில் திட்டியும் விடாதவராக இருக்கும்.
நான்கு நாள் அந்தக் கோட்டுக்கு ப்ரஷ் போடவில்லை.

பிறகு திங்கட்கிழமை வந்தது, மழையோடு.
ரொட்டி வாங்கப் போய் நனைந்தேன்.
மறுபடி ஆட்டு வாடை.