இறங்குதல்

கோத்தகிரியில் எங்கள் வீடு
சாலையிலிருந்து நாற்பத்தொரு படி கீழே.
ஜெசிந்தா பக்கவாட்டில் இறங்குகிறாள்
நண்டு மாதிரி,
கம்பியை இரண்டு கையாலும் பிடித்து.

இன்று மத்தியானம்
காற்றில் இரண்டரைச் சுற்று சுற்றியவள்.

பனி மூடினால் ரிங்க் ஈரமாகிவிடும்.
பழைய போர்வையால் சிமென்ட்டைத் துடைத்துவிட்டு
சக்கரத்தைக் கட்டுவாள்.
தாவலுக்கு ஒரு கோடு,
நோட்டில் நான் போடுகிறேன்.
விழுந்தால் கோட்டுக்குக் குறுக்கே வெட்டு.
செப்டம்பரில் மட்டும் ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு.

எக்ஸ்ரேயில் வலது கணுக்காலில்
தலைமுடி போல ஒன்று.
நான் தூசி என்று நினைத்துத் துடைக்கப் போனேன்.
தரை தொடும் ஒவ்வொரு தடவையும்
உடம்பைப் போல ஆறு மடங்கு கனம் விழுகிறது
என்றார் டாக்டர்.
வெளியே வந்ததும் சிரித்தாள்:
"அப்போ ஆறு ஜெசிந்தா.
ஒத்தக் கால்ல ஆறு பேர்.
கைகாட்டி பஸ்லகூட இப்படி ஏத்த மாட்டாங்கடி."

இடுப்பில் நீலம்.
அது பச்சையாகி மஞ்சளாவதற்குள்
அதே இடத்தில் இன்னொரு நீலம்.
ஜனவரியில் ஐஸ் வாங்குவதில்லை,
குழாய்த் தண்ணீரில் பக்கெட்டை நிரப்பிக்
காலை விட்டுக்கொண்டு
பல்லைக் கடித்தபடி
கெமிஸ்ட்ரி படிக்கிறாள்.

நடுவர்களின் தாளில்
அந்தத் தாவலுக்கு இத்தனை என்று மார்க் உண்டு.
இந்தப் படிகளுக்குக் கிடையாது.

பதினேழாம் படியில் நின்றுவிட்டாள்.
ஸ்கேட் பையோடு நானும் நிற்கிறேன்,
வலிக்கிறதா என்று கேட்டால் கோபம் வரும்.

"கடைசிக்குக் கோடு போட்டியா?"

போட்டேன் என்கிறேன்.
குறுக்கு வெட்டை
அவளும் கேட்கவில்லை.