ஆட்சேபணை இல்லை

எட்டுப் பக்கம். ஏழாவதில் என் கையெழுத்து.
'உலகம்மை ஜெராக்ஸ், மீனாட்சிபுரம், திருநெல்வேலி
என்னும் கடையின் இருபத்தைந்தில் ஒரு பங்கு உருவத்தை
ஆற்றிலிருந்து எழும் மிருகம்
இடது காலால் மிதிப்பதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை.'
வாசித்துக் காட்டினாள் கிரேஸ் பொற்செல்வி,
பாளையங்கோட்டைப் பிள்ளை, ஜப்பான் பாஷை படித்தவள்.
இடது கால்தானா, என்று கேட்டேன்.
அவரிடம் கேட்டுச் சொன்னாள்:
இடதுதான். வலது கால் ஈரடுக்குப் பாலத்தில் இருக்கும்.

அவர் இஷிகுரோ. மூன்று நாள் என் ஷட்டரை அளந்த ஒல்லி மனிதர்.
படம் எடுப்பது வேறு கம்பெனியாம்.
பாதிப் பணம் போட்டு, ஞாயிறு காலை எட்டரை மணியைக் கொடுத்து,
எதை மிதிக்கலாம், எதை மிதிக்கக் கூடாது என்று
சிவப்பு முத்திரை குத்துவது மினாமிகாவா டெலிவிஷன்.
கோயில் கூடாது. ஆஸ்பத்திரி கூடாது.
பள்ளிக்கூடம், லீவு நாள் என்றால் சரி.
ஜெராக்ஸ் கடைக்கு விதி ஒன்றும் இல்லை.

எல்லாம் கம்ப்யூட்டரில் பண்ணலாமே, என்றேன்.
கையை ஆட்டினார். தக்கை, பிளாஸ்டர், தகரம்.
ரப்பர் தோலுக்குள்ளே நிஜமாகவே ஓர் ஆள்;
மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை
தலையைக் கழற்றித் தண்ணீர் குடிப்பாராம்.
நம்ம ஊர் வெயிலுக்கு ரெண்டு நிமிஷம், என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டார்.

ஐப்பசியில் போட்டோ வந்தது.
என் கடை, ஒரு முழம்கூட இல்லை.
பலகையில் 'ம்'முக்குப் புள்ளி இல்லை.
போன அடைமழையில் உதிர்ந்திருக்கிறது, நானே பார்க்கவில்லை.
அவர்கள் உதிர்ந்ததையும் செய்திருந்தார்கள்.
ஷட்டரின் மூன்றாம் மடிப்பில் ஆட்டோ இடித்த நெளிவு.
உள்ளே, எந்தக் கேமராவும் எட்டிப் பார்க்காத இடத்தில்
ஒரு ஸ்டூல்.
அதன் ஒரு காலுக்கு அடியில் மடித்து வைத்த அட்டை.

மார்கழி பிறந்த ராத்திரி ஆறு வந்தது.
இடது கால் வலது கால் ஒன்றும் இல்லாமல்.
மிஷின் கண்ணாடிக்கு மேலே முழங்கை உயரம் தண்ணீர்.
யாருடைய பட்டாவோ, யாருடைய மார்க் ஷீட்டோ,
வாங்க வராதவர்களின் நகல்கள் எல்லாம்
வண்ணார்பேட்டைப் பக்கம் மிதந்து போயின.
கூடவே என் லைசென்ஸ், வாடகைச் சீட்டு, ஸ்டூல்.

தையில் கடிதம், அதே சிவப்பு முத்திரை.
'உங்கள் ஊர் பட்ட துன்பம் அறிந்தோம்.
ஆற்றிலிருந்து மிருகம் எழும் அந்தப் பகுதியை
ஒளிபரப்புவதில்லை என முடிவு செய்துள்ளோம்.
படம்பிடித்தமைக்கு மன்னிக்க வேண்டுகிறோம்.'
போனில் வாசித்த பொற்செல்விக்குக் குரல் உடைந்தது.
எனக்கு எரிச்சல் வந்தது.

எழுதுட்டி, என்றேன்.
நான் கையெழுத்துப் போட்டது மிதிக்கிறதுக்கு,
மறைக்கிறதுக்கு இல்லை.
இங்கே மூணு ஆபீஸ் ஏறி இறங்கிட்டேன்.
அங்கன ஒரு கடை இருந்ததுக்கு என்ன அத்தாட்சின்னு கேக்கான்.
அத்தாட்சி அவங்க கையிலதான் இருக்கு,
ஸ்டூலுக்கு வச்ச அட்டை வரைக்கும்.

யார் யாரோ கூடிப் பேசினார்களாம், ஆறு வாரம்.
பங்குனி ஞாயிறு, அங்கே எட்டரை, இங்கே விடியாத ஐந்து.
போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தேன்,
சேற்றுக்கோடு காயாத சுவர்.
நாலு விநாடி. நல்ல சத்தம்.
பாலத்தில் ஒரு பொம்மை பஸ் கவிழாமல் தப்பியது.

கால் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி
ரெண்டு பிரிண்ட் எடுத்தேன், பழைய மிஷின்,
தென்காசியில் தவணைக்கு வாங்கியது.
மேல் பக்கத்தை வெட்டிவிடட்டுமா, என்றாள் பொற்செல்வி.
கிடக்கட்டும், என்றேன்.

தாலுகா ஆபீஸ் கிளார்க்
கண்ணாடியைத் தூக்கி வைத்துப் பார்த்தார்.
பலகை சரி. ஷட்டர் சரி.
மேலே இது என்னம்மா, கறுப்பா, நகம் மாதிரி?

இடது கால், என்றேன்.