பாக்கி

நவம்பர் முதல் சனி, பாஸல்.
பேராலயத்துக்கு எதிரே ராட்டினம் சுற்றுகிறது.
சுட்ட கஷ்கொட்டையின் புகை
காப்பிக் கடைக் கண்ணாடி வரை வந்து நிற்கிறது.
உள்ளே நாங்கள் நால்வர், ஒரு மடிக்கணினி,
வரப்போகும் வருஷம் முழுவதும்
பன்னிரண்டு நிறத்தில்.

மீரானுக்கு இன்னும் ஒன்பது இரவுகள் பாக்கி.
டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் படுத்தெழாவிட்டால்
வைரத்திலிருந்து தங்கத்துக்கு இறக்கிவிடுவார்கள்.
"தங்கம்னா காலைச் சாப்பாட்டுக்குக் காசு, தெரியுமா?"
போன வருஷமும் இதே கதைதான்.
ட்யூசல்டார்ஃபில் சொந்த வீட்டுக்கு நாலு தெரு தள்ளி
அறை எடுத்துப் படுத்தார் ஐந்து ராத்திரி.
ஜுலைகா தூக்குச்சட்டியில் இடியாப்பம் கொண்டுவந்து
வரவேற்பில் கொடுத்துப் போனாளாம்,
"ஐந்நூற்றுப் பன்னிரண்டாம் அறைக்காரருக்கு" என்று.

நிருஜா பெர்னிலிருந்து வருகிறவள்,
தடுப்பூசிக் குளிர்பெட்டி விற்கிறவள்.
கட்டிலைவிடக் கதவிலக்கம் முக்கியம் அவளுக்கு.
"ஜெனீவாவில ஒற்றை இலக்கம் கேளுங்கோ.
இரட்டை எண்டால் வாகனத் தரிப்பிடம்தான்.
ஏரியைப் பாக்க வந்து
ஆரின்ரையோ காரின்ர பின்பக்கத்தைப் பாக்கிறதே?"

பெனிட்டோ தூத்துக்குடிக்காரர்.
ஹாம்பர்க்கில் கப்பல் காப்பீடு.
பேச்சு குறைவு, பட்டியல் அவர் கையில்.
மார்ச்: செயின்ட் மோரிட்ஸ், பனி கரையுமுன்.
மே: பாரிஸ், மூன்று இரவு விலைக்கு நாலு.
செப்டம்பர்: பாடன்-பாடன், வெந்நீர்க் குளத்தோடு.
தலையணைக்குக்கூட ஒரு கட்டம் வைத்திருக்கிறார்:
வாத்து இறகு, பஞ்சு, கோதுமை உமி.
என் பெயருக்கு நேரே
"ஜன்னல் திறக்க வேண்டும்."

அவ்வளவுதான் நான் கேட்பது.
மாத்திரை ஆலைகளைத் தணிக்கை செய்பவள்,
வருஷத்துக்கு நூற்று நாற்பது ராத்திரி.
பளிங்குக் குளியல்தொட்டி தருகிறார்கள்,
கைப்பட எழுதிய வரவேற்புக் கடிதம்,
என் பெயரைப் பிழையாகப் பொறித்த சாக்லேட்.
ஜன்னல் மட்டும்
நாலு விரற்கடைக்கு மேல் திறப்பதில்லை.
நடுச்சாமத்தில் விழித்தால் கை
இடப்பக்கம் விளக்கு விசையைத் தேடும்.
அது போன வாரத்துச் சுவர்.

எல்லாம் சரிபார்த்தபோது மணி நாலே கால்.
உறுதி எண்கள் பதினான்கு வந்திருந்தன.
"இந்த ஊர்ல பதினோரு வருஷமா இருக்கீங்க,
கீழ அந்தப் படகுல போயிருக்கீங்களா?"
அன்று பெனிட்டோ கேட்ட ஒரே கேள்வி.
இல்லை.

படிகள் இறங்கினோம்.
ரைன் படகுக்கு மோட்டார் கிடையாது.
ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய கம்பியில் ஒரு கயிறு.
சுக்கானைச் சற்றே சாய்த்தால்
ஆறே தள்ளிக்கொண்டுபோய் அக்கரையில் விடுகிறது.
மரப்பலகையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம்.
யாரும் மேல்தர இருக்கை கேட்கவில்லை.
பலகைக்கு அடியில் தண்ணீர் ஏதோ முணுமுணுத்தது.
நிருஜா கைபேசியை எடுத்தாள்,
படம் பிடிக்காமலே திரும்பப் பைக்குள் வைத்தாள்.

அக்கரையில் படகுக்காரி கை நீட்டினாள்.
ஆளுக்கு இரண்டு ஃபிராங்க், சில்லறையாக.
கறுப்பு அட்டை, வெள்ளி அட்டை,
கீழே விழுந்தால் கணீரென்னும் உலோக அட்டை.
நாலு பேர் பையிலும் ஒரு நாணயம் இல்லை.
மீரான் சட்டையெல்லாம் தடவி
ஒரு ஹோட்டல் சாவியட்டையை எடுத்தார்.
எந்த ஊருடையது என்று அவருக்கே தெரியவில்லை.

அவள் சிரித்தாள். "அடுத்த முறை" என்றாள்,
கயிற்றை மறுபக்கம் மாற்றிக்கொண்டே.
தேதி கேட்கவில்லை, பெயரும் கேட்கவில்லை.

பாலம் வழியாகத் திரும்பி நடந்தோம்.
நடுவில், கைப்பிடிச் சுவர்மேல் கணினியைத் திறந்து
கடைசி வரிசைக்கும் கீழே
பெனிட்டோ ஒன்று சேர்த்தார், நிறம் கொடுக்காமல்:
எட்டு ஃபிராங்க், பாக்கி.
மீரான் எட்டிப் பார்த்தார்.
"இரவுக் கணக்குல வருமா இது?"