லாம்

பேஸ்லைன் வீதியில் கடைசி பஸ்ஸும் போனபின்
அவரே வந்தார், ஹபுதந்திரி,
வரைவுக் குழுத் தலைவர்,
சாரதியை எழுப்பாமல் தானே காரோட்டி.
ஒரு கையில் பச்சைமைப் பேனா,
மறுகையில் மாலுபாண் பொதி.
எண்ணெய் கசிந்து
முத்திரை குத்திய உறையிலும் ஊறியிருந்தது.

நூற்றுச் சொச்சம் உறுப்புரைகளில்
முக்கால்வாசி அவர் கையெழுத்து.
மற்றவர்கள் பேசினார்கள், இவர் எழுதினார்.
ஒப்புநோக்குகையில் பார்த்திருக்கிறேன்:
அவர் வெட்டிய இடத்தில்
தாள் கிழிந்ததே இல்லை.

தமிழ்ப் படி, பதினேழாம் பக்கம்.
'வழங்கப்படல் வேண்டும்' என்றிருந்ததைத் தொட்டு,
"இது பாரம், மல்லி.
நாளைக்கு மேசையில் வைத்தால் மேசையே உடையும்.
உங்கள் பாஷையில்
இலேசாய் ஒன்று இருக்குமே" என்றார்.

நான்தான் சொன்னேன்.
கேட்ட கேள்விக்கு விடை தெரிந்துவிட்ட
அற்பச் சந்தோசத்தில்:
"லாம்.
வழங்கப்படலாம்."

ஜுனைதீன் நானா ஊசியால் நெம்பினார்.
இரட்டைக் கொம்பு, வ, ண், டு.
தட்டில் அவை விழுந்த சத்தம்
சில்லறைக் காசுக்கும் குறைவு.
ல் புள்ளியை இழந்து கால் வைத்துக்கொண்டது.
கால் முளைத்தது,
இனி நடந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.
ம் மட்டும் அசையவில்லை,
இரண்டு சொல்லுக்கும் அது பொது.

வரி குறுகிப்போனது.
மிஞ்சிய இடத்தில் வெற்று ஈயம் செருகி இறுக்கினார் நானா.
வெற்று ஈயத்தில் மை ஒட்டாது.
எடுத்துப் பாருங்கள்,
அந்த ஒரு வரியில் மட்டும்
சொற்களுக்கு நடுவே காற்று அதிகம்.

மாலுபாணைப் பிய்த்து மூவருக்கும் பங்கிட்டார்.
பெரிய துண்டு எனக்கு.
"இப்போதைக்குத்தான்" என்றார்.
பொய் சொல்லும் முகமில்லை அது,
நாலு நாள் நித்திரை இல்லாத முகம்.
அவர் பச்சை மையில் ஒப்பமிட,
கீழே நான் பென்சிலால் எழுதினேன்:
பிழை இல்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து
வெள்ளவத்தையில்
எரிந்த கூரைக்கு நான் போட்ட மனுவுக்கு
கந்தோரிலிருந்து பதில் வந்தது.
'நட்டஈடு வழங்கப்படலாம்.'

நல்ல தமிழ்.
ஒற்றுக்கூட விடுபடவில்லை.
பழக்கதோஷத்தில் பென்சிலை எடுத்து
வெகுநேரம் வைத்திருந்தேன்.